பிணைக்கு ஒரு பத்தி போதுமா?

"குறிப்பைப் படித்தால் பாஸ் பண்ணலாம், மிச்சத்தைச் சீனியரிடம் பழகலாம்." சட்டக் கல்லூரிப் பரீட்சைக் குறிப்புகளுக்கு வக்காலத்து வாங்குவோர் வன்னியில் இப்படித்தான் பேசுகிறார்கள். முதற்பாதி உண்மை. முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ வேலையும் பார்த்துக்கொண்டு ஒப்பந்தச் சட்டத்தைத் தமிழில் படிப்பவருக்குச் சட்ட நூலகம் எட்டாத தூரம். போட்டோக்கொப்பிக் கட்டுத்தான் கைகொடுக்கிறது. முனைவு, ஏற்பு, பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், காசோலைக்கு 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் என்று வகுத்து வைத்திருக்கும் ஒழுங்கும் நல்லதே. ஆங்கிலேயரின் பிரதிபலன் கோட்பாட்டை எல்லா ஒப்பந்தத்துக்கும் பொதுவாக்கும் பிழை சில கட்டுகளில் இன்னும் கிடக்கிறது. நம் பொது ஒப்பந்தச் சட்டத்துக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் நியாயமான காரணம் போதும் என்பது 1904இல் லிப்டன் எதிர் புக்கானன் வழக்கிலேயே தெளிவாகிவிட்டது. அதை ஒரு வரியில் திருத்திவிடலாம்.

திருத்த முடியாமல் கிடப்பது பிணை. சளிக்காய்ச்சலைத் தடுக்கும் என்று லண்டனில் விற்ற புகையுருண்டைக்காக எழுந்த கார்லில் வழக்குக்கு இரண்டு பக்கம். பிணை ஒப்பந்தத்துக்கு ஒரு பத்தி. போருக்குப் பிறகு வன்னிக்குள் வந்தவை லீசிங் கம்பனிகளும் குழுக்கடனும். 2018இல் வடக்கும் அடங்கிய 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் பின்னால் ஒருவருக்கொருவர் பிணை நின்ற பெண்கள் இருந்தார்கள்.

பிணைப் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பப் பெட்டிகள். அவற்றுக்கு மேலே பொடி எழுத்தில் நீண்ட ஒரு வாக்கியம். ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு காப்புகளைத் தந்திருக்கிறது. முதலில் கடன் வாங்கியவரின் சொத்திலிருந்து அறவிடு, பிறகு என்னிடம் வா என்று கேட்கலாம். பிணையாளிகள் பலர் என்றால் என் பங்கை மட்டும் கேள் என்றும் சொல்லலாம். அந்தப் பொடி எழுத்து வாக்கியம் இரண்டையும் பறித்துவிடுகிறது. பெட்டியில் கையொப்பமிடும் பெண்ணுக்கு அவை இருந்ததே தெரியாது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் தெரியாமல் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குறிப்புகள் இந்த இடத்தில் 1934ஆம் ஆண்டின் லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராக்கோப் வழக்கை நீட்டுகின்றன: கையொப்பமிட்டவர் வாசிக்காவிட்டாலும் கட்டுப்படுவார். சரி, அத்தோடு முடிந்ததா? விட்டுக்கொடுப்பு வாசகம் இந்தப் படிவத்தில் உண்மையில் இருக்கிறதா? கடன் தவணை மாற்றப்பட்டபோது பிணையாளி சம்மதித்தாரா? கம்பனி இன்னொரு பிணையாளியை விடுவித்துவிட்டதா? பிணையாளியின் பொறுப்பையே மாற்றக்கூடிய இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட மனனக் கட்டு கேட்பதில்லை. அதை எழுதியவர் வன்னியில் ஒரு கடன் படிவத்தையாவது புரட்டியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு பழகலாம் என்பதும் நிற்காது. தொழிற்பயிற்சி ஆறே மாதம். சீனியரும் அதே கட்டில் படித்து வந்தவர் என்றால் யார் சொல்லிக் கொடுப்பது? 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதிக் கம்பனியோ வழக்கிட்டால் இடைக்காலத் தீர்ப்பாணைதான் முதலில் வருகிறது. எதிராளி வாதாடுவதற்கே மன்றின் அனுமதி கேட்க வேண்டும். சத்தியக் கடதாசியில் தன் எதிர்வாதத்தைக் காட்ட வேண்டும். பிணைச் சட்டம் தெரியாத சட்டத்தரணி அன்று தவணைப்பணத்துக்கு நாள் கேட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கக்கூடிய எதிர்வாதம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

குறிப்பு எழுதுவோர் புகையுருண்டைக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் ஒன்றை விடட்டும். அதில் ஒரு பிணைப் படிவத்தைப் பொடி எழுத்தும் விடாமல் அச்சிட்டு, கீழே இதைக் கேட்கட்டும்: முதற் கடனாளிக்குக் கம்பனி ஆறு மாத அவகாசம் கொடுத்தது, பிணையாளிக்கு அறிவிக்கவில்லை, நீர் பிணையாளியின் சட்டத்தரணியானால் சத்தியக் கடதாசியில் என்ன எழுதுவீர்?