பசுமை வீட்டின் கூரை எவ்வளவு சுடும்?

2011-இல் தமிழக அரசு ‘சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. மதிப்பு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. அதே வருடம் டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளின் கூரைகள் பறந்தன. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு 1 லட்சம் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன, வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று.

ஒன்று பசுமை வீடு, இன்னொன்று புயல் வீடு. பெயரும் தொகையும்தான் வேறு. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே சமதளக் கான்கிரீட் கூரை. விளக்கை வைத்தால் பசுமை, வைக்காவிட்டால் நிவாரணம். என் விமர்சனம் இந்தக் கூரையைப் பற்றியது.

முதலில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பேரிடருக்குப் பிறகு கட்டும் வீடுகளைப் பற்றிச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எழுதும்போது, பெரும்பாலும் ஓலைக்கூரையைப் புகழ்வதில் போய் முடிகிறது. ஓலை குளுமைதான், மறுக்கவில்லை. ஓலைகளுக்கு நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும். மழையில் ஒழுகும். போதாக்குறைக்கு, ‘குடிசைக்காரங்க’ என்று ஊர் பார்க்கும் பார்வை வேறு. தானே அடித்த ராத்திரியைக் குடிசைக்குள் கழித்தவரிடம் போய் ‘கான்கிரீட் இயற்கைக்கு எதிரானது’ என்று சொன்னால் சிரிப்பார். அவர் கேட்ட காங்கிரீட் கூரை நியாயமான கோரிக்கை. கேள்வி, கூரை கொடுத்தது சரியா என்பது இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டது சரியா என்பதுதான்.

இதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டப்பட்ட வீடுகளை ஜெனிஃபர் டூய்ன் பாரன்ஸ்டைன், டேனியல் பித்தே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். சுனாமி தொடாத பழைய வீடுகள்கூடப் புதிய வீடுகளுக்காக இடிக்கப்பட்டன, இடத்தைச் சுத்தமாக்குவதற்காக மரங்கள் வெட்டப்பட்டன என்பது அவர்கள் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. மீனவக் குடும்பத்துக்கு வேம்பும் தென்னையும் வீட்டின் பாதி. சமைப்பதும், வலை பின்னுவதும், மதியம் சாய்வதும் அந்த நிழலில்தான். நிழலை எடுத்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் பெட்டியை வைத்தால், வீடு உறுதியாகும். வீட்டில் இருப்பது கஷ்டமாகும்.

நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பகல் முழுக்க வெயிலை உள்வாங்குகிறது. அந்தச் சூடு கீழ்ப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் வெளியே காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில் உள்ளே கூரை சுட ஆரம்பிக்கும். ‘ராத்திரி உள்ளே படுக்க முடியல, வாசல்லதான் படுக்கிறோம்’ என்று தொகுப்பு வீட்டுக்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். வயல்வேலைக்கோ சூளை வேலைக்கோ போய்விட்டு வந்த உடம்பு ராத்திரியிலும் ஆறாது. 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. யோசித்துப் பாருங்கள்: ஒரு பேரிடருக்கு நிவாரணமாகக் கட்டிய வீடு, இன்னொரு பேரிடரின்போது வெளியே ஓடிவர வைக்கிறது.

இப்போது விருத்தாசலத்துக்கு வருகிறேன். தானே அடித்த அதே மாவட்டத்தில் ஒரு பீங்கான் ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது மேலே கிடைக்கும் வெண்களிமண், இந்த ஊர்ப் பீங்கான் தொழிலுக்கு ஒரு ஆதாரம். தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் என்று சிறு பட்டறைகள் செய்துவருகின்றன. எந்தச் சூளையிலும் விரிசல் விட்டது, கோணியது, உடைந்தது என்று ஒரு பங்கு கழியும். ஒருமுறை வெந்த பீங்கான் திரும்பக் களிமண் ஆகாது. அது குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

வெள்ளைப் பீங்கான் உடைசலை மொட்டைமாடியில் பதிப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் ஊர்களில் பல பழைய மாடிகளில் இருக்கிறது. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்துக்குள் இறங்கும் சூடு குறையும். குஜராத்திலும் இந்த வழக்கம் உண்டு. அகமதாபாத் நகரம் தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் வெள்ளைக் கூரைகளையே ஒரு அங்கமாக எடுத்துக்கொண்டது. அதை விட்டாலும், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை.

ஆனால் இதையும் அளவோடுதான் பேச வேண்டும். 300 சதுர அடி வீதம் 1 லட்சம் வீடு என்றால் 3 கோடி சதுர அடி. ஒரு ஊர்ப் பட்டறைகளின் உடைசல் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இதற்காகவே புதிதாக ஓடு சுட்டால் சூளையை 1,200 டிகிரி பக்கம் ஏற்ற வேண்டும். எரிபொருள் கணக்கு தலைகீழாகிவிடும். பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் தட்டையானவை அல்ல. அவற்றை நொறுக்கிப் பதித்தால் முனை குத்தும், மாடியில் நெல்லும் மிளகாயும் காயவைக்க முடியாது. ஆக, உடைசல் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சரி. மற்ற ஊர்களுக்குத் தட்டோடோ, வருடா வருடம் பங்குனிக்கு முன்னால் அடிக்கும் சுண்ணாம்போ போதும். எல்லா ஊருக்கும் ஒரே பொருள் என்று கிளம்பினால், நாம் விமர்சிக்கும் அதே கான்கிரீட் புத்திதான் அது.

பொருளும் கைவேலையும் பக்கத்திலேயே இருந்தும் ஏன் நடக்கவில்லை? எஸ்டிமேட்டைப் பார்த்தால் புரியும். வீட்டுக்கான பணம் படிப்படியாக வரும்: அஸ்திவாரம், லிண்டல், கூரை, கடைசி வேலை. விலைவாசியில் கூரை போட்டு முடிப்பதற்குள்ளேயே கடன் வாங்கியாகிவிட்டது. தட்டோடும் சுண்ணாம்பும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ பட்டியலுக்குப் போய்விடுகின்றன. அந்த அப்புறம் வருவதில்லை. அரசின் பார்வையிலும் கூரை காங்கிரீட் ஆனதும் ஒரு குடிசை குறைந்தது, கணக்கு முடிந்தது. உள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து எழுத ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

அரசால் முடியாத காரியமும் இல்லை. அனல்மின் நிலையங்களைச் சுற்றி 50 கி.மீ.க்குள் களிமண் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்று 1999-லேயே மத்திய அரசு விதி போட்டது. பழுப்பு நிலக்கரி நிலையங்களும் அதில் அடக்கம், ஆகவே நெய்வேலியும் அடக்கம். சுவர் எதனால் ஆனது என்று கேட்க ஒரு விதி வந்துவிட்டது. தலைக்கு மேல் இருப்பதைக் கேட்கத்தான் ஆளில்லை.

2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரையாகப் பயனாளி தேர்ந்தெடுக்கலாம். இந்தச் சின்ன இடைவெளி எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடு வேய்ந்த திண்ணையாக அது மாறினால் மதியம் உட்கார ஒரு நிழலாவது கிடைக்கும். ஆனால் மீதி 300 சதுர அடிக்கு என்ன வழி? கடைசித் தவணையை ‘கூரையின் மேல் வெள்ளைப் பரப்போ தட்டோடோ முடிந்த பிறகு’ என்று மாற்றி, அதற்கான தொகையைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பயனாளி தலையில் கட்டினால் இன்னொரு கடன்தான்.

அடுத்த புயல் கடலூருக்கு வரும். வீடுகளும் அறிவிக்கப்படும். அப்போது எஸ்டிமேட்டில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ‘பசுமை’ என்ற பெயர் மட்டும் இருந்தால், சித்திரை மாதம் ராத்திரி 9 மணிக்கு அந்த வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து அந்தப் பெயரைப் பற்றிப் பேசலாம்.