பில் கட்டப் போவது யாரு?

வீட்டுக் கடன் கேட்டு பேங்க்குக்குப் போனால் சம்பள சர்டிஃபிகேட்டும் பத்திரமும் கேட்பார்கள். தவணை தவறினால் வீடு ஏலத்துக்கு வந்துவிடும். சரி, ஓர் ஊருக்கே தண்ணீர்க் குழாய் போடக் கடன் கேட்டால்? பூமிக்கடியில் கிடக்கும் குழாயைத் தோண்டி எடுத்து ஏலம் விட முடியுமா என்ன? அதனால் பேங்க்காரர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்: "பில் கட்டப் போவது யாரு?"

திருப்பூரில் இந்தக் கேள்விக்குப் பளிச்சென்று பதில் இருந்தது. சாயப்பட்டறைகள்!

தமிழ்நாடு அரசும், ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் சேர்ந்து 1995-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சுமார் 1,023 கோடி ரூபாய் செலவில் பவானி ஆற்றிலிருந்து தினம் 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். பட்டறைகளுக்குக் கூடுதல் விலை. வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவு விலை. அதாவது, பட்டறைக்காரர் கட்டும் காசில்தான் நம் வீட்டுக் குடம் நிறையும். கடன் தவணையும் அடையும். மழை பொய்த்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்து, அதற்குத் தனியாக ஒரு நிதி வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

ஆனால், தண்ணீர் வாங்குகிறவர் அதை என்ன செய்வார்? சாயத்தைக் கலந்து நொய்யலில் விடுவார். ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிப்போனது. 2002-ல் கடன் ஏற்பாடு முடிவதற்கு முன்பே விவசாயிகள் கோர்ட் படியேறிவிட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்று 2006-ல் ஐகோர்ட் சொன்னது. கழிவைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தினால் புதுத் தண்ணீர் எதற்கு? அப்படிச் செய்தாலும் விற்பனை குறையும். செய்யாவிட்டால் பட்டறைக்கே பூட்டு! 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பில் கட்ட வேண்டியவரே காணோம். தண்ணீர்க் கம்பெனி தவணைக்குத் திணறியது. 2018-ல் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமே கடன் கட்ட முடியாமல் சரிந்தது தனிக் கதை.

பேங்க்காரர்களை நான் திட்டப்போவதில்லை. அவர்கள் கையில் இருப்பது நீங்களும் நானும் போட்ட டெபாசிட். அது திரும்பி வருமா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. என் கோபம் வேறு. "தனியார் பணம் வந்தால் கடன் கொடுப்பவர் துருவித் துருவிப் பார்ப்பார், திட்டம் ஒழுங்காக நடக்கும்" என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்களே, அதன்மீதுதான். அவர் துருவுவது வரவை. ஆற்றை அல்ல. ஆற்றைப் பார்ப்பதற்கென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருப்பது அரசாங்கம். தண்ணீர்க் கம்பெனியில் பங்குதாரரும் அதே அரசாங்கம்தான். ஒரு கையால் தண்ணீரை விற்றுவிட்டு, மறு கையால் சாயத்தைத் தடுக்க வேண்டும். எந்தக் கை ஜெயித்தது என்பதை நொய்யல் கரை விவசாயியிடம் கேளுங்கள்.

கடைசியில், பேங்க்காரர் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில். எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமலே பில் கட்டியவர் அவர்.