யன்னற் கண்ணாடியும் யதார்த்தமும்

கலைத்துறையிலே புதியதொரு கருவி தோன்றும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். ஒன்று, கலை அழிந்தது எனப் புலம்பும் குரல். மற்றது, உழைப்பு மிச்சமாயிற்று எனக் கொண்டாடும் குரல். இரண்டும் கருவியை மட்டுமே நோக்குகின்றன. கருவியைக் கையாளும் மனிதனையோ அவன் நிற்கும் இடத்தையோ நோக்குவதில்லை. யன்னற் கண்ணாடியூடாக எடுத்த நிழற்படத்திலிருந்து, அக்கண்ணாடியிற் படிந்த பிரதிபலிப்பைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் நீக்கிவிடும் மென்பொருள் பற்றியும் இவ்விரு குரல்களே இன்று கேட்கின்றன. இது அற்ப விடயம், இலக்கிய ஏட்டிலே பேசத்தக்கதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். கலையில் எது இருக்கவேண்டும், எது அகற்றப்படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா இதனுள் அடங்கியிருப்பதால், இது எமக்குரிய விடயமே என்பது எமது துணிபு.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். அமெரிக்க நிறுவனமாகிய அடோப், தனது கமரா றோ என்னும் மென்பொருளில் இவ்வசதியை 2024 டிசெம்பரில் முன்னோட்டமாக வெளியிட்டது. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்புகளுமாக 8 சதவீதம். ஆகவே கண்ணாடியூடாக எடுக்கும் எந்தப் படமும் இரண்டு காட்சிகளின் கூட்டுத்தொகையாகும். அப்பாலுள்ள உலகம் ஒன்று; இப்பால் நிற்கும் எமது உலகம் மற்றொன்று.

முற்காலப் படப்பிடிப்பாளர் இதனைப் படம் எடுக்கும்போதே தடுக்க முயன்றனர். வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தனர். தமக்குப் பின்னே கறுப்புத் துணியைப் பிடித்தனர். முனைவாக்க வடியைப் பூட்டி, கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து நின்று எடுத்தனர். புதிய கருவியோ, எடுத்து முடிந்த படத்தைப் பிரிக்கப் பார்க்கிறது. இங்கேதான் சிக்கல் உண்டாகிறது. இரண்டு எண்களைக் கூட்டினால் 10 வருகிறது என்று மட்டும் சொல்லி, அவ்வெண்கள் யாவை என்று மாணவனிடம் கேட்டால் அவன் என்ன செய்வான்? 3உம் 7உம் என்பான். 4உம் 6உம் என்றாலும் தவறாகாது. இயந்திரத்தின் நிலையும் இதுவே. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப்பட்ட எண்ணற்ற படங்களைக் கண்டு பழகிய அனுபவத்தால், எது அப்பால், எது இப்பால் என்று அது ஊகிக்கிறது. அவ்வூகம் பெரும்பாலும் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஊகம் ஊகமே, சாட்சியம் ஆகாது.

இக்கருவியின் சிறப்பொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. அதிலுள்ள அளவுகோலை ஒரு பக்கம் நகர்த்தினால் பிரதிபலிப்பு மறைகிறது. மறுபக்கம் நகர்த்தினால் பிரதிபலிப்பு மட்டும் தனியே தெரிகிறது. அதாவது, படமெடுத்தவன் எங்கே நின்றான், அவனுக்குப் பின்னே என்ன இருந்தது என்பதைக் காட்டவும் இதே கருவி வல்லது. ஆனால் அவ்வசதியைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? விற்பனைக்காகச் சொல்லப்படுவது நீக்கும் ஆற்றலே. காட்டும் ஆற்றல் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

2025ஆம் ஆண்டு இந்நிறுவனம் தனது மென்பொருளில் இவ்வசதிக்கு வகுத்த இடம் மேலும் சிந்திக்கத்தக்கது. 'கவனத்தைச் சிதறடிப்பவற்றை அகற்றுதல்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வகைகள் இடம்பெற்றன. ஒன்று பிரதிபலிப்பு, மற்றொன்று மனிதர்! பின்னணியிலே தற்செயலாக வந்து நிற்கும் மனிதரையும் கண்ணாடியில் விழுந்த ஒளியையும் ஒரே கோவையில் வைத்து, இரண்டும் இடையூறு என்று சொல்லுகிறது இன்றைய சந்தை. தொழில்நுட்ப வல்லுநர் இதில் எவ்விதத் தீய நோக்கமும் கொண்டிருந்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு சமுதாயம் எவற்றை இடையூறு எனப் பெயரிடுகிறது என்பதிலிருந்து, அச்சமுதாயத்தின் உள்ளக்கிடக்கையை அறிந்துகொள்ளலாம்.

இதனை எமது மாத்தளை மாவட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் சீகிரியாவையும் தம்புள்ளையையும் நாடிச் செல்லும் உல்லாசப் பயணிகள், குளிரூட்டிய வாகனங்களின் மூடிய கண்ணாடியூடாகவே எமது ஊர்களைப் படமெடுக்கின்றனர். வாசனைத் திரவியத் தோட்டங்களும், றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளும், நக்கிள்ஸ் மலையின் மூடுபனியும் அப்படங்களில் அமைகின்றன. அவர்கள் செல்லும் நெடுஞ்சாலை எத்தகையது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்த வழியும் இத்திசையிலேதான் அமைந்தது. பசியாலும் பேதியாலும் இடைவழியில் மாண்டோர் மிகப் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் வந்து நிறைவெய்தியது.

நடந்து வந்தவனுக்கும் நாட்டுக்கும் இடையே கண்ணாடி இருக்கவில்லை. இன்று வாகனத்தில் வருபவனுக்கு இருக்கிறது. அக்கண்ணாடியில் அவனது முகமும், அவன் கையிலுள்ள கமராவும், இருக்கையின் வெண்ணிற விரிப்பும் விழுகின்றன. அப்பாலே கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண் நிற்கிறாள். இரண்டும் ஒரே படத்தில் அமையும்போது அப்படம், பார்ப்பவள் யார், பார்க்கப்படுபவள் யார், இருவருக்குமிடையே உள்ள தூரம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது. பிரதிபலிப்பை நீக்கியதும் எஞ்சுவது என்ன? பச்சை மலையும் சிரித்த முகமும். பார்வையாளர் மறைந்துபோகிறார். யாரும் பாராத இயற்கைக் காட்சி போலத் தொழிலாளியின் வாழ்வு தோன்றுகிறது. தேயிலைப் பெட்டியின்மேல் ஒட்டத்தக்க அழகு அதற்கு வந்துவிடுகிறது.

இது மென்பொருளோடு தொடங்கிய நோய் அன்று. ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் மறைந்தார். தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றின் கலையழகு உலகம் ஒப்புக்கொண்டது. கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த ஆணைக்குழுவில் இடம்பெற்றவர். கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர். அப்படங்களிலே தொழிலாளர் இருக்கின்றனர், உடைமை இல்லை. பார்க்கப்படுபவர் இருக்கின்றனர், பெரும்பாலும் அவர்தம் பெயர்கள் இல்லை. துரையின் பங்களா ஒருநாளும் லயத்தின் கண்ணாடியிற் பிரதிபலித்ததில்லை. லயத்திற்குக் கண்ணாடி யன்னல் இருந்தாலன்றோ பிரதிபலிக்க! ஆளும் பார்வை தன்னை மறைத்துக்கொண்டே பிறரைக் காட்டிவந்தது. அன்று கமராவின் கோணத்தால் நிகழ்ந்தது இன்று ஒரு பொத்தானால் நிகழ்கிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். 'கண்ணாடியில் விழும் ஒளியெல்லாம் வர்க்கப் பார்வைதானா? குழல்விளக்கின் கீற்று ஒன்று படத்தைக் கெடுத்தால் அதனை நீக்குவதும் குற்றமா?' எனக் கேட்கலாம். குற்றமன்று. பொருளற்ற ஒளிக்கீற்றைப் போற்றச் சொல்வது வெறும் உருவவாதமாகும். ஆனால் எது பொருளற்றது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட முடியாது. பிரான்சிய நாட்டு யூஜீன் அத்ஜே 1925இல் பாரிஸ் நகரின் கோப்லென் வீதிக் கடையொன்றை எடுத்த படத்தில், கண்ணாடிக்குள் ஆடை அணிந்த பொம்மைகள் நிற்கின்றன. அவற்றின்மேல் எதிர்வீதிக் கட்டடங்களும் மரங்களும் படிந்திருக்கின்றன. விற்பனைப் பொருளும் அது விற்கப்படும் நகரமும் ஒரே தளத்தில் ஒன்றிவிடுகின்றன. பிரதிபலிப்பை நீக்கினால் அது துணிக்கடை விளம்பரமாகிவிடும். தமது படங்களை அத்ஜே ஆவணங்கள் என்றே அழைத்தார். ஆவணத்தின் நேர்மையே அங்கே கலையாயிற்று.

முற்போக்காளராகிய நாம் பிறரை மட்டும் குறைகூறித் தப்பிவிட முடியாது. 1937இல் மொஸ்கோக் கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நின்ற யெசோவ், 1940இல் கொல்லப்பட்ட பின்னர் அப்படத்திலிருந்தும் அகற்றப்பட்டார். அவர் நின்ற இடத்தில் நீர் வரையப்பட்டது. யெசோவ் நல்லவரல்லர், எண்ணற்றோரின் மரணத்திற்குப் பொறுப்பானவர். எனினும் அவரை அழித்ததால் அப்பழியும் சேர்ந்தே அழிந்தது. மக்களின் பெயரால் நடந்த அழிப்பும் அழிப்பே. கையால் அழிக்க அன்று தேர்ந்த கலைஞன் வேண்டியிருந்தது. இன்று யாரும் வேண்டியதில்லை. ஆதலால் எமது பொறுப்பு குறையவில்லை, பெருகியிருக்கிறது.

எமது மாவட்டத்திலேயே இதற்கு மாறான பாடம் ஒன்று உண்டு. சீகிரியாவின் கண்ணாடிச் சுவர், பார்ப்பவர் உருவம் தெரியுமளவுக்கு மெருகிடப்பட்டது என்பர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் எழுப்பிய அச்சுவரில், அவனுக்கு நூற்றாண்டுகள் பிந்தி வந்த சாதாரண மக்களும் பிக்குகளும் பெண்களும் தாம் கண்ட ஓவியங்களைப் பற்றிக் கவிதைகளைக் கீறிவைத்தனர். அரசனுடைய சுவரைப் பொறுத்தவரை அவை கறைகளே. அன்றைய காவலன் ஒருவன் தூய்மை கருதி அவற்றைத் துடைத்திருந்தால், சிங்கள இலக்கியத்தின் பழம்பெருஞ் செல்வம் ஒன்று இல்லாமற் போயிருக்கும். செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். ஓவியத்தை மட்டுமன்றி, ஓவியத்தைப் பார்த்தவரையும் நாம் அறிவது அதனாலேயே. பார்வையாளரின் சுவடும் வரலாறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று நாம் வகுப்பறையில் ஓயாது சொல்லிவருகிறோம். தமிழிலே கண்ணாடி என்ற சொல், முகம் பார்க்கும் ஆடியையும் யன்னலில் இட்ட பளிங்கையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளும் சேர்ந்ததே யதார்த்த இலக்கியம் என்று நாம் கொள்ளவேண்டும். அப்பால் உள்ள வாழ்வைக் காட்டவேண்டும். காட்டுகின்றவன் நிற்கும் இடத்தையும் மறைக்காதிருக்கவேண்டும். மலையகத்தைப் பற்றி வெளியிலிருந்து எழுதப்பட்ட கதைகள் சிலவற்றில் அட்டைக் கடியும், குளிரும், கங்காணியின் கொடுமையும் இருக்கும். எழுதியவர் எந்த வாகனத்தில் வந்தார், எந்த விடுதியில் இரவைக் கழித்தார் என்பது இராது. இரக்கம் ததும்பும் அக்கதைகள் ஏன் உயிரற்றுப் போகின்றன என்பதற்கு இதுவே காரணம் எனலாம். உள்ளே விளக்கெரிய வெளியே இருள் சூழ்ந்திருக்கும்போது, யன்னலில் எமது முகமே எமக்குத் தெரியும். அதனை அழித்துவிட்டால் வெளியுலகம் தெரிந்துவிடும் என்பது மயக்கம். விளக்கைத் தணித்து, கதவைத் திறந்து வெளியே செல்வதொன்றே வழி.

இனி, ஆசிரியரும் மாணவரும் கைக்கொள்ளத்தக்க நடைமுறை ஒன்றைச் சொல்லவேண்டும். மலையக வரலாற்றைச் சேகரிக்கும் ஆர்வம் இன்று எங்கும் பெருகியிருக்கிறது. லயக் காம்பராக்களின் சுவரிலே கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் படங்கள் அவ்வரலாற்றின் மூலங்கள். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர்க் கடல் கடந்து பிரிந்த உறவுகளின் முகங்கள் அவற்றில் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது அழிந்தவை போக எஞ்சியவையும் உண்டு. அவற்றைக் கைத்தொலைபேசியிற் பிரதிசெய்யும்போது யன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து முகத்தை மறைக்கிறது. உடனே மென்பொருளை நாடுகிறோம். பாட்டியின் முகத்தில் மின்னும் புள்ளி மூக்குத்தியினுடையதா கண்ணாடியினுடையதா என்பதை இயந்திரம் எங்ஙனம் அறியும்? மூக்குத்தியை அழித்துவிட்டால், அக்குடும்பத்தின் அடையாளமொன்றை அழித்தவராவோம்.

ஆகவே இயன்றவரை படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுக்கவேண்டும். ஈரலிப்பால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் உரித்தெடுக்கலாகாது, பூச்சு கிழிந்துவிடும். அத்தகைய படத்தை யன்னலுக்கு எதிரே வையாது பக்கவாட்டில் வைத்து, கமராவுக்குப் பின்னே கறுப்புத் துணியொன்றைப் பிடித்தாற் போதும். அதன்பின்னும் மென்பொருள் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம். ஆனால் மூலப்பிரதியைத் திருத்திய பிரதியோடு சேர்த்தே பாதுகாக்கவேண்டும். படத்தின் கீழே, எடுத்தவர் யார், எடுத்த இடமும் நாளும் எவை, எது நீக்கப்பட்டது என எழுதவேண்டும். படத்திலிருப்பவரின் பெயரை, வீட்டாரிடம் கேட்டு, அவற்றிற்கெல்லாம் முன்னதாக எழுதவேண்டும்.

கருவியை வெறுப்பது எமது நிலைப்பாடன்று. உழைப்பைக் குறைக்கும் எந்தக் கருவியையும் மக்கள் தமதாக்கிக்கொள்ளவே வேண்டும். ஆயின் உழைப்பவரையும், அவரைப் பார்ப்பவரின் பொறுப்பையும் சேர்த்துக் குறைத்துவிடும் கருவிகளிடத்து விழிப்பாயிருத்தல் கடன். மலையக மக்களின் வாழ்வு இருநூறு ஆண்டுகளாகப் பிறர் கண்ணாடியூடாகவே பார்க்கப்பட்டு வந்தது. அப்பார்வையின் சுவடுகள் சில, அழகற்றவையாயினும், படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பார்த்தவர்களும் கணக்குச் சொல்லவேண்டிய நாள் வரும்போது அவை தேவைப்படும்.