சன்னலுக்குள் ஒரு கண்

பழைய ஆங்கிலச் சொற்களைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்த விநோதச் சொற்களைத் தேடிப் போகிறார்கள். எனக்கோ எல்கேஜி பிள்ளைக்கும் தெரிந்த ‘விண்டோ’தான் பெரிய வியப்பு.

9ஆம் நூற்றாண்டில் வடகடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் ‘விண்ட்அவுகா’ என்றால் காற்றுக்கண். அதிலிருந்து வந்ததுதான் விண்டோ. அதற்கு முன்பு ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘எயாக்தூரெல்’, அதாவது கண்துளை. அது செத்துப்போனது, ஆனால் துளையைக் குறித்த பின்பாதி பிழைத்துக்கொண்டது. ‘நாஸ்ட்ரில்’ என்பதன் கடைசியில் ஒட்டியிருப்பது அதுதான்: மூக்குத்துளை. ‘த்ரில்’லும் அந்த வேர்தான். முதலில் ஈட்டி உடம்பைத் துளைப்பதைச் சொன்னார்கள், பிறகு உணர்ச்சி துளைப்பதை. நம் சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குப் பெயர் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணியிலோ கண்ணே இருக்கிறது. நார்ஸுக்கும் தமிழுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இருந்தும் சுவரில் திறப்பு விட்ட இரு கூட்டத்தாருக்கும் காற்றும் கண்ணும்தான் நினைவுக்கு வந்திருக்கின்றன.

‘லார்ட்’ இன்னும் நெருக்கமானது. அதன் பழைய வடிவம் ‘ஹ்லாஃப்வெயர்ட்’: ரொட்டியைக் காப்பவன். ‘லேடி’ என்பவள் ரொட்டிக்கு மாவு பிசைபவள். கென்ட் நாட்டு அரசன் எத்தெல்பெர்ட்டின் சட்டத்தில், எசமானை அண்டி வாழ்பவனுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்றே பெயர். படியளக்கிற மகராசன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரபுக்கள் சபையின் பட்டத்துக்குள் ஒரு பிடி மாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குத் துண்டுச் சீட்டுகள்தான் காரணம். 1857இல் லண்டன் மொழியியல் கழகம் எண்ணிப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1928இல்தான் முடிந்தது. 1879இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே அதைப் பார்க்காமலேயே 1915இல் இறந்துபோனார். ஊர் ஊராக இருந்த வாசகர்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு சீட்டுக்கு ஒரு சொல் என்று எழுதி அனுப்பினார்கள்: மேலே சொல், கீழே ஆண்டு, நூல், அது வந்த வரி. கொலை செய்துவிட்டு பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த வில்லியம் மைனர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரும் அவர்களில் ஒருவர். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் மட்டும் எப்படியோ தவறிப்போயின. அந்தச் சொல் இல்லாமலேயே முதல் தொகுதி அச்சேறியது. ஒரு சொல் தொலைவதற்கு நூற்றாண்டுகள் ஆக வேண்டும் என்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றில் ஒரே ஒரு முறை வருகிறது. எக்ஸெட்டர் தேவாலயத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவரும் கைப்பிரதியில், கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தி பேசுகிறாள். விடிவதற்கு முன் விழித்துக்கொண்டு கிடக்கும் அவளுடைய துயரத்துக்குப் பெயர் ‘உஹ்ட்செயாரெ’. பின்பாதி ‘கேர்’ என்று இன்றும் வாழ்கிறது. இரவின் கடைசிப் பகுதியைக் குறித்த ‘உஹ்ட்’ ஆங்கிலத்தில் அழிந்துவிட்டது. அந்தப் பொழுதுக்கு நம்மிடம் வைகறை இருக்கிறது. அவளுடைய சொல்லைத் தமிழில் எழுதப் போனால் தேட வேண்டியிருக்காது: வைகறைக் கவலை.