மீதியை வெள்ளித்திரையில் காண்க

மயிலாப்பூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது அம்மாவின் தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மட்டக் காகிதப் புத்தகங்கள். முதலில் நடிக நடிகையர் பெயர்கள், அடுத்துக் கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம், கதாநாயகி கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிற இடம் வரை வந்து சட்டென்று நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த வரியைப் பார்த்துப் பலர் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு நாணயம் இருக்கிறது. 'நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டேன். இதற்குமேல் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் டிக்கெட் வாங்கு' என்கிறது அது. இன்று அந்த வேலையை டிரெய்லர் செய்கிறது. ஆரம்ப காலத்தில் படம் முடிந்த பிறகு வால் மாதிரி ஒட்டிக் காட்டியதால் வந்த பெயர். இப்போது வால் முன்னால் வருகிறது. சில சமயம் வால் மட்டுமே நன்றாக இருக்கிறது.

காதல் படங்களின் டிரெய்லரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சண்டைப் படமென்றால் நாலு அடிதடியைக் காட்டினால் போதும். காதலை இரண்டரை நிமிஷத்தில் எப்படிக் காட்டுவது?

என் அக்கா பிள்ளை தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியறையில் உட்கார்ந்து டிரெய்லர் வெட்டுகிறான். ஒரு சாயங்காலம் போயிருந்தேன். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரையைக் காட்டினான்.

"மாமா, இந்தப் பொண்ணு யாரைப் பார்த்துச் சிரிக்கறா, சொல்லுங்கோ."

"அந்தப் பையனைப் பார்த்து."

"இல்லே. படத்துலே அவ நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிக்கறா. அவன் பஸ் வரதான்னு பார்த்துண்டிருக்கான். நான்தான் ரெண்டையும் ஒட்டினேன்."

நூறு வருஷங்களுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற டைரக்டர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை அழகிய பெண்ணோடும் சேர்த்து ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். என் மருமான் குலெஷோவின் கொள்ளுப் பேரன். சவப்பெட்டியை மட்டும் தள்ளி வைத்துவிட்டான்.

இன்னும் சில உத்திகளையும் காட்டினான். ஒருவர் பேச்சை எடுத்து இன்னொருவர் முகத்தின்மேல் போடுவது ஒன்று. 'நீ இல்லேன்னா முடியாதுடா' என்று கதாநாயகன் நண்பனிடம் கடன் கேட்கும்போது சொல்லியிருப்பான். அந்த 'டா'வை மட்டும் நறுக்கிவிட்டால், டிரெய்லரில் அவள் ரெயில் ஏறிக்கொண்டிருப்பாள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே ஒரு விநாடி திரையைக் கறுப்பாக்குவது மற்றொன்று. அந்த இருட்டைப் பார்ப்பவன் தன் சொந்தத் துயரத்தால் நிரப்பிக்கொள்கிறான். மழையையும் கூந்தலையும் மெதுவாக்குவது உண்டு. ஒற்றைப் பியானோவில் ஆரம்பித்து, வயலின்களைக் கூட்டிக்கொண்டே போய், உச்சத்தில் பட்டென்று நிறுத்தி, நிசப்தத்தில் ஒரே ஒரு வார்த்தை பேச வைப்பது உண்டு. கடைசியில் படத்தின் பெயர் விழுந்த பிறகு, சிரித்துக்கொண்டே போகட்டும் என்று ஒரு ஹாஸ்ய வசனம்.

கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த உத்திகளெல்லாம் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்கின்றன. பார்வைக்கும் கண்ணீருக்கும் நடுவிலிருக்கிற காலத்தை எடுத்து எறிந்துவிடுகின்றன. காதல் கதையில் அந்தக் காலம்தானே சரக்கு?

ஸ்ரீதர் 1959-ல் எடுத்த 'கல்யாண பரிசு' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு என்ன? பாஸ்கர் தன் குழந்தையை வசந்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். முடிவைப் படத்தின் தலைப்பிலேயே போட்டுவிட்டார் ஸ்ரீதர். அப்படியும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அக்காவுக்காகத் தங்கை விட்டுக்கொடுத்ததும், அதற்கப்புறம் கழிந்த வருஷங்களும் நம்மைக் கடந்து போனால்தான் அந்தப் பரிசு கனக்கும். முடிவைச் சொல்வதால் கதை கெடாது. நடுவை நறுக்கினால்தான் கெடும்.

2018-ல் வந்த '96' இன்னும் நல்ல உதாரணம். பள்ளிக்கூடத்தில் அவன் எத்தனையோ தடவை ஆசைப்பட்டும் ஜானு பாடாத பாட்டு ஒன்று. இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு சென்னை ராத்திரியில், மின்சாரம் போன வீட்டில் அவள் அதைப் பாடுகிறாள். ராம் விளக்கைத் தேடித் தடுமாறுகிறான். நான் பார்த்த கொட்டகையில் ஒருவர்கூட இருமவில்லை. இந்தக் காட்சியிலிருந்து மூன்று விநாடியை வெட்டிக் காட்டினால் என்ன தெரியும்? இருட்டில் ஒரு பெண் பாடுகிறாள், அவ்வளவுதான் தெரியும்.

மருமானிடம் இதைச் சொன்னேன். "ஒரே ஒரு ஷாட்டையாவது பத்து விநாடி வெட்டாமல் விடேன்டா" என்றேன்.

"பத்து விநாடியா! அதுக்குள்ளே கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போயிடும், மாமா" என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு. அவன் சொன்னது பொய்யுமில்லை.

இதில் சட்டம் யார் பக்கம் என்பதும் தீர்ந்துபோன விஷயம். 2016-ல் 'ஃபேன்' என்ற ஹிந்திப் படம் வந்தது. டிரெய்லரில் வந்த பாட்டுக்காகவே குடும்பத்தோடு போன ஒரு பெண்மணி, படத்தில் அந்தப் பாட்டே இல்லாததைக் கண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மகாராஷ்டிர மாநில ஆணையம் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை ஆமோதித்தது. கடைசியில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் ஒரு விளம்பரம். அதனால் ஒப்பந்தம் எதுவும் உண்டாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். டிரெய்லரின் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கணக்குக் கேட்டால் எந்தக் கலைஞனும் கடைசி நிமிஷத்தில் எதையும் மாற்ற முடியாது. ஆனால் கதை சொல்கிறவனுக்குக் கோர்ட்டுக்கு வெளியேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். ஆரம்பிக்கும் முன் விளம்பரத்துக்கு நாலு வரி கேட்டார்கள். 'கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, அவள் ஒரு கடிதம் எழுதினாள்' என்று எழுதிக் கொடுத்தேன். கதை தன் வழியே போயிற்று. கல்யாணம் நடந்தது, கடிதம் மட்டும் வரவேயில்லை. எனக்கு மறந்தே போயிற்று.

தொடர் முடிந்து ஒரு மாதம் இருக்கும். தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அறுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். கதை நன்றாக இருந்தது என்றார். கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. அந்தக் கடிதாசிலே அவ என்னதான் எழுதினா? வாரா வாரம் எதிர்பார்த்துண்டே இருந்தேன்."

நான் ஏதோ மென்று முழுங்கினேன். உச்ச நீதிமன்றம் என்னை விடுவித்திருக்கும். அந்த அம்மாளும் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, போறது" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் மருமானைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் நாய்க்குட்டியை ஒளித்தான். நான் இல்லாத கடிதத்தைக் காட்டினேன். ஆனாலும் அடுத்த தடவை போகும்போது அம்மாவின் பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப்போய் அவன் மேஜைமேல் வைக்கலாம் என்றிருக்கிறேன். படிக்கிறானோ இல்லையோ, அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கட்டும்.