திரையில் கறுத்துப்போன தங்கவயல்

தஞ்சாவூர்ப் படத்தைத் தங்க ரேக்கை வைத்தும், கோவில்பட்டி கொண்டைய ராஜூவின் காலண்டர்ச் சாமிகளை அவற்றின் வழுவழுப்பான முகத்தை வைத்தும் நாம் இனம் காண்கிறோம் அல்லவா? கணினியில் தீட்டிய படத்துக்கும் அப்படிப் பாணி உண்டு. நம் கோலார் தங்கவயலின் பெயரைத் தாங்கி வந்த பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்.' படங்கள் (2018, 2022) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். படத்தில் வரும் நராச்சி என்னும் கற்பனைச் சுரங்கத்தில், பெரும்பாலான காட்சிகளில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே சொல்ல முடியாது. தூசும் புகையும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கணினி ஓவியர்களுக்கு இது ஒரு வசதி. நடிகர்களை வைத்து எடுத்த காட்சி ஒன்று, பின்னால் தீட்டிய குன்று வேறொன்று; சேருமிடத்தில் தையல் தெரியாமல் புகை போர்த்திவிடும். மண், துணி, தோல் எல்லாம் ஒரே கரிக் கலவை. தீப்பந்தம் மட்டும் ஆரஞ்சு. மனிதர் எறும்பளவு, கட்டுமானம் மலையளவு. இவை சேர்ந்து வந்தால் வீடியோ கேம்களுக்கு வரையும் 'கான்செப்ட் ஆர்ட்' பாணி என்று துணிந்து சொல்லலாம்.

வேலைப்பாடு அருமை, மறுக்கவில்லை. தியேட்டர்ல விசில் அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

ஆனால் நம்முடையது நிலக்கரி ஊர் இல்லையே! தங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் சயனைடு மேடு. மூன்று கோடி டன்னுக்கு மேல். வெளிறிய மண். நண்பகலில் கண் கூசும், நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழும். படப்பிடிப்பு நடந்ததே அந்த மேட்டில்தான். திரைக்கு வரும்போது அது கறுத்துவிட்டது. உண்மையான இருட்டு சாம்பியன் ரீஃபில், 3 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. மேலேயோ, சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர்.

எனக்கு அதிகம் உறுத்துவது முகங்கள். ஒரே கரி பூசியதில் அத்தனை பேரும் நாயகன் வரும்வரை காத்திருக்கும் ஒரு திரளாகிவிட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய நம் பாட்டன்மார் 1930-லேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை அவர்கள் பிள்ளைகளும் அங்கே உழைத்தார்கள். வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளை, "தாத்தா ஊர் இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வோம்?

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) 19-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. அங்கே மண் மண்ணாக இருக்கிறது, வெயில் சுடுகிறது, முகங்கள் தனித்தனி. கருஞ்சிறுத்தை வரும்போது மட்டும் கணினி வேலை துருத்துகிறது. அந்த உடம்புக்குக் கனமே இல்லை.

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்து வையுங்கள். ஷாப்ட் பின்னணியில் தாத்தா நிற்கும் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அப்புறம் அதே கேள்வியை சினிமா போஸ்டரைக் காட்டிக் கேளுங்கள்.