இலையா, கிளையா?

எத்தனை இனங்கள் உள்ளன? எண்ணு! எத்தனை அழிந்தன? எழுது! உயிரினப் பாதுகாப்பு என்றால் இவ்வளவுதான் என்று நினைப்போர் உண்டு. ஆனால் எண்ணிக்கைக்குக் கண் இல்லை. எது போனாலும் ஒன்று குறைந்தது என்று எழுதிக் கணக்கை மூடிவிடும். அந்தக் கணக்கு போதுமா என்று கேட்டவர், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அறிஞர் டேனியல் ஃபெய்த். 1992-இல் அவர் எழுதிய ஆய்வுரையை எடைபோட்டுப் பார்ப்போம்.

அவர் சொல்வது என்ன? உயிர்க்குலம் ஒரு மரம். வேர் ஒன்று, கிளைகள் பல, இன்று வாழும் இனங்கள் இலைகள். நாம் காக்கும் இனங்களை இணைக்கும் கிளைகளின் நீளத்தைக் கூட்டினால், எவ்வளவு பரிணாம வளத்தைக் காக்கிறோம் என்பது விளங்கும். இலையை எண்ணினால் போதாது, கிளையை அளக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்குச் சான்று உண்டு. 2003-இல் பிஜு, பாசுயிட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஊதாத் தவளையை உலகுக்கு அறிவித்தனர். பருத்த உடல், கூரிய மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்வு, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய உறவினர் எங்கே? கடல் கடந்து, சீசெல்சுத் தீவுகளில்! டைனோசார்கள் உலவிய நாளிலேயே பிரிந்த கிளை அது. 2017-இல் திருவில்லிபுத்தூர் மலைப்பக்கத்திலிருந்து அதன் உடன்பிறப்பு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இக்குடும்பத்தில் நாம் அறிந்தவை இவ்விரண்டே.

அதே மலைத்தொடரில் புதர்த்தவளைகள் 50-க்கும் மேற்பட்ட இனங்களாக வாழ்கின்றன. யாவும் நெருங்கிய உறவு. அவற்றில் ஒன்று அழிந்தால் இலை உதிரும், துயரம்தான். ஊதாத் தவளைகள் இரண்டும் அழிந்தால் கிளையே முறியும். பழைய கணக்கில் வெறும் இரண்டு. மரக்கணக்கில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் தனி வரலாறு!

"குலத்தைப் பார்த்து மதிப்பா? பிறப்பால் உயர்வா? இதையா பகுத்தறிவாளர் ஏற்பது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஊதாத் தவளை எந்தத் தவளைக்கும் மூத்ததன்று, மேலானதும் அன்று. வாழும் உயிர்கள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து ஒரே அளவு காலம் நடந்து வந்தவை. பத்துக் கிணறுள்ள ஊரில் ஒன்று தூர்ந்தால் தொல்லை. ஒரே கிணறுள்ள ஊரில் அது தூர்ந்தால் ஊரே தவிக்கும். அக்கிணற்றின் நீர் உயர்ந்தது என்பதாலா? இல்லை, வேறு கிணறு இல்லை என்பதால்!

குறையும் உண்டு. கிளை நீண்டால் தனி இயல்புகளும் மிகும் என்பது ஃபெய்த்தின் அடிப்படை. எல்லா உயிரிலும் அது அப்படியே பொருந்துவதில்லை. அன்றியும், அண்மையில் பிரிந்து பெருகும் குருத்துகளே நாளைய கிளைகள். அவற்றைப் புறக்கணித்தால் மரம் வளராது. ஆகவே இது நல்ல அளவுகோல், வேதவாக்கு அன்று. பிற அளவுகோல்களோடு சேர்த்தே பிடிக்க வேண்டும்.

ஆனால் அளவுகோலைப் பிடிக்கவே மரம் தெரிய வேண்டுமே! 2023-இல் வந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பாடம் இல்லை. பாடச்சுமையைக் குறைத்தோம் என்றனர். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு எதிர்த்தனர். பன்னிரண்டில் உண்டே என்று விடை வந்தது. உயிரியல் எடுக்காத பிள்ளை என்ன செய்யும்?

"உயிர்களைக் காப்பாற்று" என்று சுவரில் எழுதுகிறோம். எதை, ஏன் என்று மாணவன் கேட்டால் காட்ட வேண்டிய மரத்தை மறைத்து விடுகிறோம். மரத்தை மறைத்தவர் கிளையைக் காப்பது எங்ஙனம்? வகுப்பறையில் நிற்கும் நாம் கேட்கிறோம். விடை வரும்வரை கேட்போம்.